வழிபாடு நின்ற ஆலயங்கள்: நைல் நதிக்கரையில் ஒரு நாள்

எகிப்து என்றால் நம்மவர் பெரும்பாலோர்க்குப் பிரமிடுகளே நினைவுக்கு வரும். பிரமிடுகள் மன்னர்களின் கல்லறைகள். ஆலய தரிசனத்தில் பற்றுள்ளவர்கள் அந்நாட்டில் காண வேண்டியவை வேறு. அவை தெற்கே, நைல் நதியின் இரு கரைகளிலும் நிற்கும் பெருங்கோயில்கள். நைல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிப் பாயும் நதியாதலால், தென்பகுதியையே மேல் எகிப்து என்று வழங்குவர். அங்குள்ள லக்சர் நகரிலிருந்து அஸ்வான் நகரம் ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவு. விடியுமுன் புறப்பட்டால் இவ்வழியிலுள்ள எட்ஃபு, கோம் ஓம்போ, ஃபிலே ஆகிய மூன்று கோயில்களையும் வழிகாட்டியின் துணையோடு ஒரே நாளில் கண்டுவிடலாம்.

மூன்றும் தாலமி மரபினர் என்னும் கிரேக்க வழி மன்னர்கள் எகிப்தை ஆண்ட காலத்தில் பெரும்பாலும் எழுப்பப்பட்டவை. வேற்று நாட்டிலிருந்து வந்த அரசர்கள், மண்ணின் தெய்வங்களுக்கு மண்ணின் முறைப்படியே கோயில் எடுத்தார்கள். ஆகவே இங்கே காண்பது, மூவாயிரம் ஆண்டுக்கால ஆலய மரபு தன் கடைசிக் கட்டத்தில் அடைந்த முழு வடிவம் எனலாம்.

எட்ஃபு: முறை வழுவாத மூன்று கால வழிபாடு

எட்ஃபு, நதியின் மேற்குக் கரையில் உள்ளது. பருந்து முகம் கொண்ட ஹோரஸ் என்னும் தெய்வத்தின் இருப்பிடம். எகிப்தியக் கோயில்களுள் மிகவும் சிதையாமல் நிற்பது இதுவே என்பர். கி.மு. 237-இல் மூன்றாம் தாலமி காலத்தில் தொடங்கிய திருப்பணி, பன்னிரண்டாம் தாலமி காலத்தில் கி.மு. 57-இல் நிறைவெய்தியது. இடையில் 180 ஆண்டுகள். வாயிலில் எழும் இரட்டைக் கோபுரச் சுவர்கள் சுமார் 36 மீட்டர் உயரமுடையவை. கருங்கல்லில் வடித்த பருந்துகள் வாயிலைக் காத்து நிற்கின்றன.

உள்ளே செல்லச் செல்ல நமக்குப் பழகிய ஓர் அமைப்பு புலப்படும். முதலில் திறந்தவெளி முற்றம். பின்னர்ப் பெருந்தூண்கள் நிறைந்த மண்டபம். அதற்கப்பால் அதனினும் சிறிய மண்டபம். அதன்பின் நிவேதனப் பொருள்களை வைக்கும் அறை. இறுதியில் இருண்ட கருவறை. ஒவ்வொரு வாயிலைக் கடக்கும்போதும் தரை சிறிது உயர்கிறது, கூரை தாழ்கிறது, வெளிச்சம் குறைகிறது. கருவறையில் சுமார் நான்கு மீட்டர் உயரமுள்ள ஒரே கல்லாலான பேழை இன்றும் இருக்கிறது. இப்போதுள்ள கோயிலுக்கும் முற்பட்ட இரண்டாம் நெக்டனெபோ மன்னர் அளித்தது அது. தெய்வத்திருமேனி அதனுள்ளேதான் எழுந்தருளியிருந்தது. பொதுமக்கள் முற்றத்தோடு நின்றுவிட வேண்டும். அதற்கு அப்பால் செல்லும் உரிமை அர்ச்சகர்களுக்கு மட்டுமே உண்டு.

அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற முதியோர் குழு ஒன்றுக்கு அவ்வூர் வழிகாட்டி, சுவர்ச் சிற்பங்களைக் காட்டி அன்றாட வழிபாட்டை விளக்கினார். விடியற்காலையில் அர்ச்சகர் நீராடித் தூய வெண்ணிற நார்மடித் துணி உடுத்து வருவார். கம்பளியும் தோலும் உள்ளே கூடா. கருவறைக் கதவின் களிமண் முத்திரையை உடைத்துத் தாழ் நீக்குவார். தெய்வத்தைத் துயிலெழுப்பும் துதிகள் பாடப்படும். தூபம் காட்டப்படும். முந்தைய நாள் சாத்திய ஆடை களையப்பட்டு, நீரால் தூய்மை செய்து, நறுமணத் தைலம் பூசி, புதிய வண்ணத் துணிகள் சாத்தப்படும். பின்னர் அப்பமும் பழமும் இறைச்சியும் மதுவும் படைக்கப்படும். தெய்வம் ஏற்றபின் அவ்வுணவு முறைப்படி வெளியே கொணரப்பட்டு, அர்ச்சகர்களுக்கும் பணியாளர்களுக்கும் பங்கிடப்படும். பிரசாதம் என்ற சொல் அங்கில்லை, முறை இருந்தது. எல்லாம் முடிந்தபின் அர்ச்சகர் பின்னோக்கி நடந்தபடியே தம் காலடிச் சுவடுகளைத் துடைப்பத்தால் அழித்துக்கொண்டு வெளியேறுவார். மனிதன் வந்துபோன தடம்கூடக் கருவறையில் எஞ்சக்கூடாது என்பது விதி. காலை வழிபாட்டைப் போன்று நண்பகலிலும் மாலையிலும் சுருக்கமான வழிபாடுகள் உண்டு.

அர்ச்சகர்களின் ஆசாரத்தைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே வியந்து எழுதியிருக்கிறார். பகலில் இருமுறை, இரவில் இருமுறை குளிர்ந்த நீரில் அவர்கள் நீராடினர். உடல் முழுவதும் மழித்துக்கொண்டனர். அர்ச்சகர்கள் பல பிரிவுகளாகப் பிரிந்து மாதத்துக்கு ஒரு பிரிவாக முறைவைத்துப் பணி செய்தனர். முறை தீர்ந்தவர்கள் ஊருக்குள் சென்று குடும்பத்தோடு வாழ்ந்தனர். பணி தந்தைவழியே மகனுக்கு வந்தது. தைலங்களும் தூபங்களும் செய்யும் முறை ஓர் அறையின் சுவரில் அளவோடு பொறிக்கப்பட்டுள்ளது. நூலக அறையில் அங்கிருந்த சுவடிகளின் பட்டியலே சுவரில் இருக்கிறது. மறந்துவிடலாகாது என்று எண்ணியதையெல்லாம் கல்லில் எழுதிவைத்தார்கள்.

விழாக்களும் குறைவில்லை. வடக்கே தெண்டெராவில் கோயில் கொண்ட ஹாத்தோர் தேவி ஆண்டுக்கொருமுறை படகில் எழுந்தருளி, நதியை எதிர்த்துப் பயணம் செய்து ஹோரஸின் கோயிலுக்கு வருவாள். வழியிலுள்ள ஊர்களில் மண்டகப்படி போன்ற உபசாரங்கள் நடக்கும். அமாவாசையன்று எட்ஃபு வந்தடைந்து, பௌர்ணமி வரை இருவரும் ஒருங்கே வீற்றிருப்பர். இதைத் தெய்வங்களின் திருமணமாகவே மக்கள் கொண்டாடினர். கருவறைக்குள் நுழைய முடியாத எளியவர்க்கும் அந்நாள்களில் தெய்வம் வெளியே வந்து காட்சி தந்தது. அர்ச்சகர்கள் தோளில் சுமந்த படகு வடிவப் பல்லக்கின் மாதிரி ஒன்று இன்று கருவறையில் வைக்கப்பட்டுள்ளது.

அக்குழுவில் எழுபது கடந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். வாயிலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு வந்தவர். கல் சுடும், தேவையில்லை என்று வழிகாட்டி சொல்லியும் கேட்கவில்லை. விளக்கம் அனைத்தையும் பேத்தியின் மொழிபெயர்ப்பில் கேட்டபின் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். “இப்போது இங்கே யார் பூஜை செய்கிறார்கள்?”

வழிகாட்டி சற்றுத் தயங்கினார். “யாரும் இல்லை, அம்மா. நின்றுபோய் 1,600 ஆண்டுகள் ஆகியிருக்கும்” என்றார்.

மூதாட்டி வெறும் பேழையை நோக்கிக் கைகூப்பிவிட்டு நகர்ந்தார். அவர் கேட்ட கேள்விக்கு முழுமையான விடை அன்று மாலை ஃபிலேயில்தான் கிடைத்தது.

கோம் ஓம்போ: செவி சாய்க்கும் சுவர்

எட்ஃபுவிலிருந்து தெற்கே சென்றால், கரும்பு வயல்களுக்கிடையே நதி வளையும் மேட்டில் கோம் ஓம்போ நிற்கிறது. கிழக்குக் கரையில், நீருக்கு மிக அருகே. இங்கே ஒரே கூரையின் கீழ் இரு கோயில்கள். ஒரு பாதி முதலை முகம் கொண்ட சோபெக்குக்கு. மறு பாதி மூத்த ஹோரஸுக்கு. வாயில்கள் இரண்டு, மண்டபப் பாதைகள் இரண்டு, கருவறைகள் இரண்டு. ஒருவர் நதியின் வளத்துக்கும் அச்சத்துக்கும் உரியவர். மற்றவர் வானத்துக்கும் காவலுக்கும் உரியவர். இருவரில் எவரையும் தாழ்த்தாமல் சிற்பிகள் நடுக்கோட்டின் இருபுறமும் சரிசமமாகக் கட்டியிருக்கிறார்கள்.

சுவரில் பொறித்த விழா நாள்காட்டியும், மருத்துவக் கருவிகள் என்று பலராலும் கருதப்படும் சிற்பத் தொகுதியும் இங்கே புகழ்பெற்றவை. நைல் நதியின் நீர்மட்டத்தை அளக்கும் கிணறு முற்றத்தருகே இருக்கிறது. வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என்பதை வைத்தே அவ்வாண்டு விளைச்சலையும் வரியையும் கணித்தனர். வெள்ளம் குறைந்தால் பஞ்சம்; மிகுந்தால் அழிவு. நதியை அளந்தவர்களும் தெய்வத்துக்குப் பணி செய்தவர்களும் ஒரே கோயிலில் இருந்ததில் வியப்பில்லை.

ஆயினும் பக்தர்கள் தவறவிடக்கூடாத இடம் கோயிலின் பின்புறச் சுவர். அங்கே நடுவில் ஒரு சிறு மாடம். அதன் இருபுறமும் செதுக்கிய செவிகளும் கண்களும். உள்ளே நுழையும் உரிமையில்லாத குடியானவர்கள் கோயிலைச் சுற்றிக்கொண்டு பின்புறம் வந்து, கருவறைக்கு நேர் பின்னே நின்று தங்கள் குறைகளை இந்தச் செவிகளிடம் முறையிட்டனர். மகனின் காய்ச்சல், மாட்டின் நோய், வராத மழைவெள்ளம் என எத்தனை முறையீடுகள் இக்கல்லில் விழுந்திருக்கும்! மன்னர்கள் பெயர் ஆயிரம் இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குடியானவர்களின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவர்களுக்காகவும் தெய்வத்துக்கு ஒரு செவி வைக்க வேண்டும் என்று கோயிலைக் கட்டியவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

இக்கோயில்களில் வழிபாடு செழித்திருந்த நாள்களில் தமிழர்க்கும் அந்நாட்டோடு தொடர்பு இருந்தது. செங்கடல் கரையில் இருந்த பெரெனிகே துறைமுகத்தை அகழ்ந்தபோது, அங்கிருந்த செராபிஸ் கோயில் வளாகத்தில், இந்தியாவில் செய்யப்பட்ட பெரிய தாழி ஒன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. தமிழ் பிராமி எழுத்தில் ‘கொற்றபூமான்’ என்ற பெயர் பொறித்த பானையோடும் அவ்வூரில் அகப்பட்டது. அத்துறைமுகத்தில் இறங்கிய சரக்குகள் ஒட்டகங்களில் பாலைவனத்தைக் கடந்து நைல் நதியை அடைந்தன. நம் முன்னோர் சிலர் இந்நதிக்கரைக் கோயில்களில் பூஜை மணியோசையைக் கேட்டிருக்கவும் கூடும்.

ஃபிலே: கடைசி அர்ச்சகர்கள்

அஸ்வானுக்குத் தெற்கே, ஷெல்லால் படகுத்துறையிலிருந்து விசைப்படகில் ஃபிலே கோயிலுக்குச் செல்ல வேண்டும். நீல நீர், கருமையான உருண்டைப் பாறைகள், நடுவே தூண்வரிசைகளோடு எழும் ஆலயம். இது ஐசிஸ் தேவியின் இடம். கணவன் ஒசைரிஸின் சிதைந்த உடலைத் தேடிச் சேர்த்து உயிர்ப்பித்தவள். மகன் ஹோரஸை மடியில் வைத்துக் காத்தவள். தாயாக, மனைவியாக, மருத்துவச்சியாக மக்கள் நெஞ்சில் நின்றவள். ஒசைரிஸின் இடமாகக் கருதப்பட்ட பிகா தீவு எதிரிலேயே உள்ளது. பத்து நாள்களுக்கு ஒருமுறை தேவியின் திருமேனி படகில் அத்தீவுக்கு எழுந்தருளி, கணவனுக்குப் பால் வார்த்துத் திரும்பும். இவ்வழக்கம் பல நூற்றாண்டுகள் இடையறாது நடந்தது.

எகிப்திய ஆலய வழிபாடு கடைசியாக நின்றது இங்கேதான். அது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஒருவாறு சொல்ல முடியும்.

கி.மு. 30-இல் எகிப்து ரோமானியர் வசமாயிற்று. அதுவரை கோயில்களுக்கு உரியவையாக இருந்த நிலங்கள் பெரும்பாலும் அரசின் கட்டுப்பாட்டுக்குச் சென்றன. கோயில்கள் தம் நிவந்தங்களை நம்பியிருந்த நிலை மாறி, அரசு அளந்து கொடுப்பதை நம்பி வாழ்ந்தன. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் பேரரசின் நாணய மதிப்புச் சரிந்து, கருவூலம் தளர்ந்தது. வருவாய் வறண்டதும் திருப்பணி நின்றது. எஸ்னா கோயிலில் கி.பி. 250-ஐ ஒட்டி டீசியஸ் என்ற பேரரசரின் பெயர் பொறிக்கப்பட்டதோடு புதிய சிற்பப் பணி ஏறக்குறைய முற்றுப்பெற்றது.

வருவாய்க்கு அடுத்தபடியாக அறிவு சுருங்கியது. பழைய காலத்தில் சில நூறாக இருந்த சித்திர எழுத்துகளைத் தாலமி காலத்து அர்ச்சகர்கள் ஆயிரக்கணக்கில் பெருக்கினர். கோயிலுக்கு வெளியே இருந்தவர் எவராலும் படிக்க இயலவில்லை. மக்கள் தங்கள் மொழியையே கிரேக்க எழுத்துகளில் எழுதப் பழகினர். ஆகவே வேதம் போன்று போற்றிய நூலறிவு முழுவதும் விரல்விட்டு எண்ணத்தக்க சில குடும்பங்களின் கையில் நின்றது.

மூன்றாவதாக, வருவோர் குறைந்தனர். நாட்டு மக்கள் படிப்படியாகக் கிறித்தவ சமயத்தைத் தழுவினர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தியோடோசியஸின் ஆணைகள் பழைய வழிபாடுகளைத் தடை செய்தன. ஒவ்வொரு கோயிலாக வாயில் அடைபட்டது. எட்ஃபு போன்றவை மெல்ல மணலில் புதைந்தன; பிற்காலத்தில் அதன் கூரைமீதே மக்கள் வீடு கட்டி வாழ்ந்தனர். 1860-ஐ ஒட்டி ஓகுஸ்த் மாரியெட் என்ற பிரெஞ்சு அறிஞர் தோண்டியெடுக்கும் வரை கீழே கோயில் இருந்தது பாதி மறைந்தே கிடந்தது.

ஃபிலேயில் மட்டும் விளக்கு எரிந்தது. அதன் காரணம் உன்னத்தக்கது. தெற்கே பேரரசின் எல்லைக்கு அப்பால் வாழ்ந்த பிளெம்மியர், நூபியர் என்னும் மக்கள் ஐசிஸ் தேவியைக் கைவிடவில்லை. கோயில் இருந்த நாட்டவர் வருவதை நிறுத்திய பின்னும், எல்லை தாண்டி அவர்கள் வந்தார்கள், காணிக்கை தந்தார்கள். கி.பி. 452-ஐ ஒட்டி ரோமானியர் அவர்களோடு உடன்படிக்கை செய்தபோது, அவர்கள் தம் உரிமையாகக் கேட்டுப் பெற்றவற்றுள் ஒன்று ஃபிலேக்கு வந்து வழிபடுவது. குறித்த காலங்களில் தேவியின் திருமேனியைத் தம் நாட்டுக்கு எழுந்தருளச் செய்து திருப்பி அழைத்துவருவதும் அதில் அடங்கும்.

கோயிலின் ஒரு வாயிலில், ஹேட்ரியன் வாயில் என்பது அதன் பெயர், மண்டூலிஸ் என்ற தெய்வ உருவத்தின் அருகே சிறியதொரு கல்வெட்டு உள்ளது. எஸ்மெத் அகோம் என்ற இரண்டாம் நிலை அர்ச்சகர் பொறித்தது. தேதி கி.பி. 394, ஆகஸ்டு 24. உலகில் எழுதப்பட்ட சித்திர எழுத்துக் கல்வெட்டுகளில் காலத்தால் கடைசியானது இதுவே. தம் சொற்கள் என்றென்றும் நிலைக்க வேண்டும் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். தமக்குப் பின் இவ்வெழுத்தை எழுத எவரும் இரார் என்பதை அறிந்து எழுதினாரா, அறியாமல் எழுதினாரா? எழுத்து சற்றுத் தடுமாறியே இருக்கிறது. கி.பி. 452-இல், சாதாரண வழக்குக்குரிய டெமோட்டிக் எழுத்தில் கடைசிக் கல்வெட்டும் இக்கோயிலில்தான் பொறிக்கப்பட்டது. எழுதியவர்களின் பெயர்களைப் பார்த்தால் ஒரே குலத்தவராகத் தோன்றுகிறது. நெடுங்காலம் ஒரு சில குடும்பத்தார் அக்கோயிலைத் தாங்கி நின்றிருக்கிறார்கள்.

கி.பி. 537-ஐ ஒட்டிப் பேரரசர் ஜஸ்டினியன் ஆணைப்படி கோயில் மூடப்பட்டது. அர்ச்சகர்கள் சிறை வைக்கப்பட்டதாகவும், திருமேனிகள் கான்ஸ்டான்டிநோபிளுக்கு அனுப்பப்பட்டதாகவும் அக்காலத்து வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதுகிறார். மண்டபத்தின் ஒரு பகுதி பின்னர்க் கிறித்தவ ஆலயமாயிற்று. தூண்களில் செதுக்கிய சிலுவைகளை இன்றும் காணலாம்.

அதன்பின் எகிப்தியக் கோயில்கள் அனைத்தும் வாய்பேசாதவை ஆயின. சுவர் நிறைய எழுதியிருந்தும் படிக்க ஒருவர் இல்லை. 1799-இல் ரொசெட்டாக் கல் கிடைத்து, 1822-இல் ஷாம்போலியோன் அவ்வெழுத்தின் மறைபொருளைக் கண்டறிந்தபோது, எஸ்மெத் அகோம் எழுதி 1,428 ஆண்டுகள் கடந்திருந்தன. இன்று எட்ஃபுவின் வழிபாட்டு முறையை வரிக்கு வரி படிக்க முடிகிறது. ஆயினும் அத்துதிகளை எந்த ராகத்தில் பாடினார்கள் என்பது சுவரில் இல்லை. குருவின் வாயிலிருந்து சீடனின் செவிக்குச் செல்ல வேண்டியது அது. அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது.

கல்லைக் காத்த கதை

ஃபிலேக்கு இன்னொரு கண்டமும் வந்தது. 1902-இல் அஸ்வானில் முதல் அணை கட்டப்பட்ட பின்னர் ஆண்டின் பெரும்பகுதி கோயில் நீரில் மூழ்கிக் கிடந்தது. தூண்களின் வண்ணங்கள் கரைந்தன. வெள்ளையர்கள் மண்டபத் தூண்களுக்கிடையே படகில் உலாவினார்கள். 1960-இல் உயர் அணைப் பணி தொடங்கியபோது, நூபியாவின் சின்னங்களைக் காக்க யுனெஸ்கோ உலக நாடுகளை அழைத்தது. தீவைச் சுற்றி அரண் எழுப்பி நீரை இறைத்தனர். ஏறத்தாழ 40,000 கற்களை எண்ணிட்டுப் பிரித்தெடுத்து, அருகிலிருந்த உயரமான அகில்கியா தீவில் மீண்டும் அடுக்கினர். 1980 மார்ச்சில் பணி முடிந்தது. இன்று பயணிகள் காண்பது அகில்கியாவில் நிற்கும் ஃபிலே.

மானுடத்தின் மகத்தான செயல்களுள் இது ஒன்று என்பதில் ஐயமில்லை. பல நாடுகள் பொருள் உதவின.  அங்கே நின்று பார்ப்பவர் மனத்தில் வேறொன்றும் தோன்றாமல் இராது. பொருளும் தொழில்நுட்பமும் சேர்ந்தால் கோயிலைக் காப்பாற்றிவிடலாம். வழிபாட்டை அவ்வாறு எண்ணிட்டுப் பிரித்து வேறிடத்தில் அடுக்க முடியாது. அது ஆள் மாற்றி ஆள் அன்றாடம் செய்தால் மட்டுமே இருப்பது.

மாலை வெயில் சாயும் நேரத்தில் அக்குழுவினர் தூண்வரிசையில் அமர்ந்திருந்தனர். அவர்களுள் ஒருவர், தம் சிற்றூர்க் கோயிலுக்குப் பல ஆண்டுகள் அறங்காவலராக இருந்தவர். ஊரில் இளையவர் எவரும் இல்லை; ஒருகாலப் பூஜை மட்டும் நடக்கிறது; அர்ச்சகர் மூன்று கோயில்களைப் பார்த்துக்கொள்கிறார்; அவர் மகன் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார் என்று அவர் சொன்னார். வேறு எவரும் பேசவில்லை. தத்தம் ஊரை நினைத்திருக்கக்கூடும்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும். எட்ஃபுவில் நடை மிகுதி. ஃபிலேயில் படகேறி இறங்கப் படிகள் உண்டு. கைப்பிடித்து உதவ ஒருவர் வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் காண இயலாதவர்கள் ஃபிலேயை மறுநாள் காலைக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். விளக்கிச் சொல்லும் வழிகாட்டி இல்லாமல் சென்றால் கல்லை மட்டுமே கண்டு திரும்ப நேரும்.

ஃபிலேயின் வரலாற்றில் நமக்குரிய செய்தி எளிது. நிவந்தம் குறைந்தும், ஆணை எதிர்த்தும், அவ்வாலயத்தின் விளக்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு எரிந்தது. எரியச் செய்தவர்கள் இருவர்: முறையை விடாமல் மகனுக்குக் கற்றுக்கொடுத்த அர்ச்சகர்; தொலைவைப் பாராமல் வந்து நின்ற பக்தர். பெரிய திருத்தலங்களுக்குக் கூட்டம் என்றும் உண்டு. நம் தெருமுனையில், நம் பூர்விக ஊரில், ஒரு விளக்கோடு நிற்கும் கோயிலுக்கு அத்தகைய கூட்டம் இல்லை. அங்கே மாலையில் ஒருவர் எண்ணெய் கொண்டு செல்லலாம். கூடவே பேரனையோ பேத்தியையோ அழைத்துச் செல்லலாம். அர்ச்சகரின் பிள்ளை படிப்பை விசாரிக்கலாம். “இப்போது இங்கே யார் பூஜை செய்கிறார்கள்?” என்று வழிப்போக்கர் ஒருவர் கேட்டால், நம் ஊர்க் கோயிலில் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.